பொதி கட்டக் கற்பது வீண் வேலையா?

"டாக்கர் வந்த பிறகு டெப், ஆர்பிஎம் என்று உட்கார்ந்து பேக்கேஜ் கட்டுவானேன்?" லினக்ஸ் படிக்க வரும் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத பயிற்சி நிலையம் இன்று அபூர்வம். கல்லூரிகளில் இதே கருத்து வேறு சொற்களில் உலவுகிறது. பொதி, அதாவது பேக்கேஜ் கட்டுவது என்பது அடுத்தவர் எழுதிய நிரலுக்கு உறை மாட்டும் குமாஸ்தா வேலை, கெட்டிக்காரப் பிள்ளைகள் சொந்த நிரல் எழுதப் போக வேண்டும் என்கிறார்கள். நிறுவனங்களில் இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கோப்புகளையெல்லாம் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தந்துவிடுகிறதே, மனிதன் கற்க என்ன மிச்சம் என்று கேட்கிறார்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் பொதிகளோடு அன்றாடம் புழங்குகிறவன் என்ற முறையில் இந்த மூன்றையும் மறுக்கிறேன். இந்தப் பேச்சை நம்பிய பிள்ளைகள், தாங்கள் எழுதிய நிரல் இன்னொருவர் கணினியில் எப்படிப் போய் உட்காருகிறது, அங்கே எதை நம்பி ஓடுகிறது, பழுதானால் யார் எப்படிச் சரிசெய்வது என்பது எதுவும் தெரியாமலே பட்டம் வாங்கி வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டாக்கரை முதலில் எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஒரு டாக்கர்ஃபைலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முதல் வரியில் டெபியன், உபுண்டு, ஆல்பைன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். நேரடியாக இல்லாவிட்டால், அது சுட்டும் இமேஜின் அடியில் இருக்கும். பைதானின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ்கூட இயல்பாக டெபியன் மேல்தான் நிற்கிறது. அடுத்த சில வரிகளில் "ஆப்ட்-கெட் இன்ஸ்டால்" அல்லது அதற்கு இணையான கட்டளை வந்துவிடும். அந்தக் கட்டளை இழுத்து வருவது யாரோ ஒருவர் கட்டி, கையெழுத்திட்டு, களஞ்சியத்தில் ஏற்றிய பொதிகளைத்தான். டாக்கர் ஓட்டும் கன்டெய்னர் பொதிகளை ஒழித்துவிட்டது என்பவர்கள் அந்த இரண்டு வரிகளைப் படித்துப் பார்த்தாலே போதும்.

இதில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. கன்டெய்னருக்குள் பாதுகாப்புக் குறை உள்ள மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்க நிறுவனங்கள் ட்ரிவி, கிரைப் போன்ற ஸ்கேனர்களை ஓட்டுகின்றன. அந்த ஸ்கேனர்கள் இமேஜுக்குள் எதைப் பார்க்கின்றன? டெபியன் இமேஜ் என்றால், முதல் வேலையாக அதன் பொதி நிறுவும் கருவியான டிபிகேஜி வைத்திருக்கும் பதிவேட்டைத்தான் படிக்கின்றன. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்று அதில் எழுதியிருப்பதை வைத்தே குறைப் பட்டியலோடு ஒப்பிடுகின்றன. இப்போது ஒருவர் மூலநிரலை இறக்கி, "மேக் இன்ஸ்டால்" கொடுத்து, சி மொழியில் எழுதிய ஒரு நூலகத்தை இமேஜுக்குள் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. நாளை அந்த நூலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தப் பதிவேட்டைப் படிக்கிற ஸ்கேனர் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். பொதி கட்டத் தெரிந்தவர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். அந்தப் பதிவேடு எதற்கு, அதில் ஒரு வரி சேர என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம்.

அடுத்தது குமாஸ்தா வேலை என்ற ஏச்சு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு டெப் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, "ஏஆர்" என்ற பழைய யூனிக்ஸ் கருவி போதும். உள்ளே மூன்றே உருப்படி. 2.0 என்ற எண்ணைத் தாங்கிய சிறு கோப்பு ஒன்று. பொதியைப் பற்றிய தகவல்கள் அடங்கிய காப்பகம் ஒன்று. உண்மையான நிரல் கோப்புகள் அடங்கிய காப்பகம் ஒன்று. வடிவம் எளிமையாக இருப்பதால் அதைக் கட்டுவதும் எளிமை என்று நினைத்துவிடுகிறார்கள். டெபியனில் கட்டும் விதிகளைச் சொல்லும் "ரூல்ஸ்" கோப்பு இன்று மூன்று வரியில் முடிந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று வரி ஓடும்போது என்ன நடக்கிறது?

உங்கள் மடிக்கணினியில் அழகாக கம்பைல் ஆகும் நிரலை எடுத்து, "எஸ்பில்ட்" போன்ற கருவி உருவாக்கும் வெற்றுச் சூழலுக்குள் கட்டச் சொல்லுங்கள். அங்கே அடிப்படைக் கருவிகளைத் தவிர வேறு எதுவும் இருக்காது. நீங்கள் என்றோ நிறுவி மறந்துபோன ஹெடர் கோப்புகள் இல்லாததால் முதல் முயற்சி தோற்கும். கட்டச் சார்புப் பட்டியலில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான், நம் நிரல் உண்மையில் எதையெல்லாம் நம்பி இருக்கிறது என்பது முதன்முதலாகத் தெரியவரும். பிறகு கட்டும் நேரத்தில் நிரல் இணையத்திலிருந்து எதையோ இறக்கப் பார்க்கும். டெபியன் கொள்கைப்படி அதற்கு இடமில்லை. இன்று இறக்கியது நாளை மாறிவிட்டால், கட்டியது எதை வைத்து என்று யாராலும் சொல்ல முடியாதே. அடுத்து ஒரு சோதனை, உங்கள் ஹோம் அடைவில் உள்ள கோப்பைத் தேடி விழும். அந்தச் சூழலில் உங்கள் ஹோம் அடைவே கிடையாது. ஒவ்வொரு தோல்வியும் நிரல் எழுதியவர் தன்னை அறியாமல் வைத்திருந்த ஓர் அனுமானத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

களஞ்சியத்தில் ஏறிய பிறகுதான் பெரிய பாடம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13, ஏழு செயலி வகைகளை ஆதரிக்கிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகள் மட்டுமல்ல, பல வகை ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், ஐபிஎம்மின் பெரிய மெயின்ஃபிரேம் வரை. நம் கல்லூரி லேப்களில் எழுதப்படும் சி நிரல்களில் அடிக்கடி தென்படும் ஒரு தவறு உண்டு. கோப்பின் கடைசி வரை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் லூப்பில், படித்ததை வைக்கும் மாறியை "இன்ட்" என்று அறிவிக்காமல் "கேர்" என்று அறிவித்துவிடுவார்கள். கோப்பு முடிந்ததைச் சொல்லும் மதிப்பு மைனஸ் ஒன்று. இன்டெல் கணினியில் "கேர்" குறியோடு கூடியது என்பதால் லூப் நின்றுவிடும். ஆர்ம் லினக்ஸில் அதே "கேர்" குறியற்றது. மைனஸ் ஒன்று அங்கே 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது, லூப் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். லேபில் முழு மதிப்பெண் வாங்கிய நிரல் ராஸ்பெரி பையில் தொங்கிப்போகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விஷயம், ஆர்ம் சர்வரில் கட்டல் பல மணி நேரம் தொங்கி நின்று தோற்றுப்போன பதிவைப் பார்க்கும் மாணவனுக்கு மனதில் பதிந்துவிடும்.

இது குமாஸ்தா வேலை என்றால், 2038 சிக்கலை யார் தீர்த்தது? 32 பிட் அமைப்புகளில் நேரத்தை வினாடிக் கணக்காக வைத்திருக்கும் எண், 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும். அதை 64 பிட்டுக்கு மாற்றியபோது, நேரத்தைத் தொடும் நூலகங்களின் இடைமுகம் மாறியது. பழைய நூலகமும் புதிய நிரலும் ஒன்றாகச் சேர்ந்தால் நினைவகமே குழம்பிவிடும். எனவே நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயர்களையே மாற்றி, அவற்றை நம்பியிருப்பவற்றை வரிசை பிசகாமல் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 2024-இல் டெபியனில் அந்த வேலையைச் செய்தவர்கள் பொதி கட்டுபவர்கள். சார்பு என்றால் என்ன, நூலகத்தின் இடைமுகம் எப்போது உடைகிறது என்பதை விரல் நுனியில் வைத்திருந்தவர்களால்தான் அது நடந்தது.

"பைதானுக்கு பிப் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம் இருக்கிறது, போதாதா?" என்பார்கள். தினசரி நிரல் எழுதுவதற்கு அவை வசதியானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட நூலகத்தில் கடுமையான ஓட்டை வெளிப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். டெபியனில் அந்த ஒரே நூலகப் பொதியைப் புதுப்பித்ததும், அதைப் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்களெல்லாம் மறுதொடக்கத்தில் சரியாகிவிட்டன. எலக்ட்ரான் மேல் கட்டிய செயலிகள் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு பிரதியை வைத்திருந்தன, ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப் பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பிப் வழியாக இறங்கும் பில்லோ என்ற பைதான் நூலகத்துக்குள்ளும் அந்த நூலகத்தின் பிரதி ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தும் எத்தனை பேருக்கு, தங்கள் பைதான் அடைவுக்குள் சி மொழியில் எழுதிய ஒரு பட நூலகம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்? பொதி கட்டிப் பழகியவர் முதலில் கேட்பதே "இதற்குள் என்ன இருக்கிறது?" என்றுதான்.

எக்ஸ்இசட் விவகாரத்தை என் தரப்புக்கும் எதிர்த் தரப்புக்கும் ஒருசேரச் சான்றாகக் காட்டலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் பொறியாளர், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை உலகுக்கு அறிவித்தார். அவருடைய டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை வினாடி தாமதமானதுதான் துப்பு. "ஜியா டான்" என்ற பெயரில் இயங்கியவர் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து, அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளராகவே ஆகியிருந்தார்.

அந்த நச்சு எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பாருங்கள். அதைத் தூண்டிவிடும் கோப்பு எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகச் சுருக்கித் தந்த டார் கோப்பில் மட்டும் இருந்தது. பொதி கட்டுபவர்கள் வழக்கமாக அந்த டார் கோப்பைத்தான் எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதோடு நிற்கவில்லை. அந்த ஸ்கிரிப்ட், தான் ஓடும் இடத்தில் டெபியனின் "ரூல்ஸ்" கோப்பு இருக்கிறதா, ஆர்பிஎம் கட்டும் சூழல் மாறி இருக்கிறதா என்று சோதித்தது. பொதியாகக் கட்டப்படும்போது மட்டுமே நச்சு உள்ளே போகும். யாராவது ஆர்வலர் கையால் கம்பைல் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பொதி கட்டும் கலையை அக்கறையாகக் கற்றுக்கொண்டுதான் தாக்குபவர் வந்தார். நாம் மட்டும் அதைக் கற்கத் தேவையில்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பின்கதவு டெபியனின் ஸ்டேபிள் வெளியீட்டை எட்டவில்லை. அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள் என்று படிப்படியாக ஏறும் பழைய ஏற்பாடு, கண்டுபிடிப்பதற்கான அவகாசத்தைத் தந்தது. மெதுவாக நகர்கிறது என்று எல்லோரும் குறை சொல்லும் ஏற்பாடு அது. கன்டெய்னர் பக்கம் என்ன ஆயிற்று? ஓராண்டுக்கு மேல் கழிந்து 2025 ஆகஸ்டிலும், அந்த எக்ஸ்இசட் பதிப்பைத் தாங்கிய பழைய டெபியன் இமேஜ்கள் டாக்கர் ஹப்பில் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். இமேஜ் உறைந்த நிலையில் கிடக்கும். அதற்குள் இருப்பதைப் புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும்.

இனி எதிர்த் தரப்பின் வலுவான வாதம். நிரலை எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே மூன்றாம் ஆள் ஒருவர் எதற்கு, அவர் கை வைப்பதால்தானே கேடு வருகிறது என்கிறார்கள். எக்ஸ்இசட்டிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. ஓபன்எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சிஸ்டம்டியோடு இணைப்பதற்காகச் சில லினக்ஸ் விநியோகங்கள் போட்ட பேட்ச் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. அதற்கும் முன்பு, 2008 மே மாதம் வெளியான டெபியன் ஓபன்எஸ்எஸ்எல் பிழை இருக்கிறது. நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை தந்ததால், 2006-இல் டெபியன் தரப்பில் சில வரிகள் நீக்கப்பட்டன. அதில் தற்செயல் எண்ணுக்கான ஊற்றே அடைபட்டுப்போய், செயல்முறை எண் மட்டும் மிஞ்சியது. ஒரு வகைச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள்தான். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளை யூகித்துவிட முடிந்தது. நிரலாசிரியர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, டெபியன் தன் நிரலின் பழைய பதிப்பையே விநியோகிக்கிறது என்று 2016-இல் வெளிப்படையாகச் சண்டைக்கு வந்தார்.

இவற்றைச் சிறுமைப்படுத்த மாட்டேன். 2008 பிழை டெபியன் வரலாற்றிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று. ஆனால் இதிலிருந்து "பொதி கட்டக் கற்காதே" என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? அந்த வரிகளை நீக்கும் முன் ஓபன்எஸ்எஸ்எல் பக்கம் கேள்வி கேட்கப்பட்டது, சரியான ஆளிடம் சரியான விதத்தில் போய்ச் சேரவில்லை. மூல ஆசிரியருக்குப் பேட்சைத் திருப்பி அனுப்பு, ஏன் மாற்றினாய் என்று பேட்சின் தலைப்பிலேயே எழுது, அனுப்பிய விவரத்தையும் அங்கேயே குறி என்ற ஒழுங்கைக் கற்றுத் தருகிற பள்ளி எது? இதே பொதி கட்டும் பள்ளிதான். அரைகுறையாகக் கற்றவர்களால் கேடு வருமென்றால், முழுதாகக் கற்றவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். நடுவில் ஆளே வேண்டாம் என்பவர்கள், எக்ஸ்இசட்டில் நஞ்சு வைத்தவர் நடு ஆள் அல்ல, மூல நிரலின் பராமரிப்பாளர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறதே என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வார்ப்புருக் கோப்புகளை இயந்திரம் எழுதுவது புதிய செய்தியே அல்ல. டெபியனில் "டிஹெச்-மேக்" அதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. பெர்ல் மாட்யூல்களுக்கென்றே தனிக் கருவி உண்டு. எந்தப் பகிர்வு நூலகம் தேவை என்பதை, கட்டி முடித்த பைனரியைப் படித்து டிபிகேஜியின் கருவியே கணக்கிட்டுவிடும். தட்டச்சு வேலை எப்போதோ இயந்திரத்திடம் போய்விட்டது. மனிதரிடம் மிஞ்சியிருப்பது முடிவெடுப்பது. இந்த மூலத்தில் இருக்கும் எழுத்துருவுக்கு உரிமம் என்ன? "நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல" என்ற நிபந்தனையோடு ஜேசன் உரிமம் வந்தபோது, அது பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது, எனவே கட்டற்ற உரிமம் ஆகாது என்று டெபியன் தீர்மானித்து, அந்த உரிமத்தில் இருந்த பிஹெச்பி பகுதிக்கே மாற்றுத் தேடியது. இந்த மேம்படுத்தலில் பயனர் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பை மேலெழுதலாமா? நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட் பாதியில் அறுந்து மறுபடி ஓடினால் பழுதில்லாமல் முடியுமா? இவற்றுக்கு விடை சொல்லி, கடைசியில் ஒருவர் தன் ஜிபிஜி சாவியால் கையெழுத்திட வேண்டும். தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கையெழுத்துக்காரர். தனக்குப் புரியாத ஒன்றின் கீழ் கையெழுத்திடுபவரை எந்தத் துறையில் நம்புவோம்?

இது வேறு யாருடைய ஊரிலோ நடக்கும் கதை என்று தமிழ்நாட்டில் ஒதுக்கவும் முடியாது. 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு வந்தது. சென்னை சி-டாக்கில் உருவான அது டெபியன் வழி வந்தது. கைக்குக் கொடுத்தோம், அதன் உள்ளே பொதிகள் எப்படி உருவாகின்றன என்பதைப் பாடத்தில் வைக்கவில்லை. இன்று லினக்ஸில் தமிழ்99 தட்டும் ஒருவர் பெரும்பாலும் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுப் பொதிகளை நம்பித்தான் தட்டுகிறார். லோகித் தமிழ் எழுத்துருவும் ஒரு பொதியாகத்தான் வருகிறது. இதையெல்லாம் பராமரிக்க நம் மொழி தெரிந்தவர்கள் வந்தால் நல்லது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்வம் இல்லாமலும் இல்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர் மாநாடு கூடியது, அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடே பக்கத்துக் கொச்சியில் நடந்தது. சனி ஞாயிறு ஆர்வமாக நிற்கும் இதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரத்தான் ஆள் இல்லை.

எல்லா மாணவரும் டெபியன் மேம்பாட்டாளர் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கப் போகிறவர் ஒருமுறையாவது ஒரு நிரலை வெற்றுச் சூழலில் கட்டி, பொதியைச் சோதிக்கும் லின்டியன் கருவி சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து, இன்னொருவர் பரிசீலனைக்கு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், பெரிய சர்வரும் வேண்டாம். சாதாரண மடிக்கணினி போதும்.

கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெபியன் 13-இல் 69,830 பொதிகள் இருக்கின்றன. பராமரிக்க ஆளில்லாமல் கைவிடப்பட்டவற்றின் பட்டியல் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியை நிறுவி "டபிள்யூஎன்பிபி-அலெர்ட்" கட்டளையை ஓட்டினால், உங்கள் லேப் கணினியிலேயே நிறுவப்பட்டிருக்கும் பொதிகளில் எவை அனாதையாக நிற்கின்றன என்று சொல்லிவிடும். இந்த ஆண்டு இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஒரே ஒரு குழுவுக்காவது அதிலிருந்து ஒரு பொதியைக் கொடுங்கள். பைண்டிங் செய்த அறிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் திருத்திய பொதியை டெபியன் ஏற்றுக்கொண்டதா என்று பார்த்துப் போடுங்கள்.